கடற்கரைக் கீரையும் ஒரு கப்பல் தலைவரும்



கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் குறைப்பட்டுக்கொள்வது நமக்குப் பழகிய பேச்சு. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், வயது வந்த மாலுமிகளிடமே இந்தச் சிக்கலைச் சந்தித்தவர் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக். அவருடைய பயணத்தோடு தொடர்புடைய ஒரு கீரையின் வரலாற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அக்காலக் கடற்பயணிகளைப் புயலைவிட மிகுதியாக அச்சுறுத்தியது ஸ்கர்வி என்னும் நோய். ஈறு வீங்கிக் குருதி கசியும். பழைய புண்கள் மீண்டும் திறக்கும். இறுதியில் உயிர் போகும். 1740-இல் ஆன்சன் என்பவர் தலைமையில் புறப்பட்ட ஆங்கிலேயக் கப்பற்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது நோயே. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் நோயாளிகள் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்துச் சோதனை செய்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறியதைக் கண்டார். ஆயினும் ஆங்கிலேயக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795-இல்தான்.

இந்த இடைப்பட்ட காலத்தில், 1768 ஆகஸ்டில், எண்டவர் என்னும் கப்பல் 94 பேருடன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. தொடக்கத்திலேயே புதிய இறைச்சியை உண்ண மறுத்த இருவருக்குத் தலா 12 கசையடிகள் கொடுக்கச் செய்தார் குக். ஆனால் புளிக்கவைத்த முட்டைக்கோசு விடயத்தில் அவர் வேறு வழியைக் கையாண்டார். மாலுமிகள் அதனை வெறுத்தனர். அவர் எவரையும் வற்புறுத்தவில்லை. அதிகாரிகளின் மேசையில் நாள்தோறும் அதைப் பரிமாறச் செய்து, மற்றவர்கள் விரும்பினால் உண்ணலாம் என்று விட்டுவிட்டார். சில நாள்களிலேயே எல்லாரும் கேட்டு வாங்கி உண்ணத் தொடங்கினர். மேலோர் மதிக்கும் பொருளுக்கு மாலுமிகளிடம் தானே மதிப்பு ஏற்பட்டுவிடுகிறது என்று குக் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார்.

1769 அக்டோபரில் கப்பல் நியூசிலாந்தை அடைந்தது. கரையிறங்கிய இடங்களில் கிடைத்த கீரைகளைப் பறித்துவந்து, காலைக் கஞ்சியில் இட்டு வேகவைத்துக் கொடுக்கச் செய்தார் குக். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கடற்கரையோரம் படர்ந்து வளரும் சதைப்பற்றுள்ள செடியொன்றும் இப்பயணத்தில் அறிமுகமாயிற்று. தடித்த முக்கோண இலைகள். அவற்றின்மேல் பனித்துளி போல் மின்னும் நுண்ணிய புடைப்புகள். உப்புக்காற்றையும் மணலையும் தாங்கும் அச்செடியை மவோரி மக்கள் கோகிஹி என்று அழைக்கின்றனர்.

ஸ்கர்வி அக்கப்பலில் பெருங்கேடு விளைவிக்கவில்லை. எனினும், 1770-இல் நம் அண்டை மண்ணாகிய பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கப்பல் தங்கியபின் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் ஏறத்தாழ முப்பது பேரைப் பலிகொண்டன. கீரை எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது என்பதற்கு இதுவும் சான்று.

கப்பலில் இருந்த தாவர ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் வழியாக அச்செடி இலண்டனின் கியூ தோட்டத்தை அடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியத் தோட்டங்களில் அது கோடைக் கீரையாகப் பரவியது. 1788-இல் சிட்னியில் குடியேற்றப்பட்ட கைதிகளும் காவலர்களும் உணவுப் பற்றாக்குறையால் வாடியபோது, காட்டுக்கீரைகளைத் தேடிப் பறித்து உண்டனர். அவற்றுள் இதுவும் ஒன்று. அதன்பின் ஆஸ்திரேலியர் இதனை நெடுங்காலம் களையாகவே எண்ணினர். இன்றோ அந்நாட்டு உயர்தர உணவகங்களில் ‘வாரிகல் கீரை’ என்ற பெயரில் மீன் உணவோடு பரிமாறப்படுகிறது. வாரிகல் என்பது சிட்னிப் பகுதிப் பழங்குடியினரின் மொழியில் காட்டுநாயைக் குறிக்கும் சொல். ‘காட்டுத்தனமான’ என்ற பொருளும் அதற்கு ஏற்பட்டது.

இதை வளர்ப்பது கடினமன்று. கொம்புடைய கடினமான விதைகளை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, நீர் தேங்காத மண்ணில் விதைக்க வேண்டும். ஒரு மீட்டர் அளவுக்குப் படரும். குளிர்நாட்டு ஸ்பினாச் கீரை வாடும் வெயிலையும் தாங்கும். இளநுனிகளைக் கிள்ளக் கிள்ளக் கிளைத்து வரும். ஆனால் இதில் ஆக்சலேட் மிகுதி. ஆகவே கொதிநீரில் மூன்று நிமிடம் இட்டு, அந்நீரைக் கொட்டிவிட்டே சமைக்க வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நன்று.

பள்ளித் தோட்டத்திற்கு ஏற்ற செடி என்பதால் மட்டும் இதனை நான் எழுதவில்லை. கசையடி வரலாற்றில் ஒரு குறிப்பாக நின்றுவிட்டது. அதிகாரிகளின் மேசையோ மாலுமிகளின் வழக்கத்தையே மாற்றியது. அப்பா கீரையை ஒதுக்கிவிட்டு மகனை உண்ணச் சொல்லும் வீட்டிலும், ஆசிரியர் நூலகத்துக்குள் நுழையாமல் மாணவரைப் படிக்கச் சொல்லும் பள்ளியிலும் நம் சொல் எடுபடாது. தமிழ்மொழிக்கும் இது பொருந்தும். பெரியவர்கள் தம்முள் தமிழில் பேசி மகிழ்வதைக் காணும் பிள்ளை, தமிழைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை.