வசந்தத்தின் கணக்கேடு

பி.ஏ. வகுப்பில் ஆங்கில வசந்தத்தை மனப்பாடம் செய்தவர்களில் நானும் ஒருவன். டாஃபோடில் என்றால் மகிழ்ச்சி, குக்கூ என்றால் ஏக்கம், ஏப்ரல் என்றால் புத்துயிர் என்று பரீட்சைக்கு எழுதிப் பாஸ் செய்தோம். எங்களில் ஒருவரும் டாஃபோடிலைப் பார்த்ததில்லை. பாடம் நடத்தியவரும் பார்த்திருக்க மாட்டார். அதில் ஒரு குறையும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை. கவிதையில் இருக்கும் பூ கவிதைக்குள்ளேயே பூத்தால் போதும் என்று நினைத்திருந்தோம். நம் வட்டத்தில் இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 'தகவல்' என்ற சொல்லை நம் பத்திரிகைகளில் ஒரு வசவாகவே உபயோகித்து வருகிறோம்.

டோரதி வர்ட்ஸ்வர்த்தின் நாட்குறிப்பைப் படித்தபோது எனக்கு இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1802 ஏப்ரல் 15. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை. அண்ணனும் தங்கையும் நடந்து போகிறார்கள். பனிமூட்டம், காற்று மூர்க்கமாக அடிக்கிறது, திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசிக்கிறார்கள். வழியில் கண்ட சின்னச் சின்னப் பூக்களையெல்லாம் பெயர் சொல்லி எழுதிக்கொண்டு போகிறாள் டோரதி. ஒரு பூவுக்கு மட்டும் தெரிந்த ஓர் அம்மாள் சொல்லும் நாட்டுப் பெயரைக் குறிக்கிறாள். அதற்குப் பிறகுதான் டாஃபோடில்கள் வருகின்றன. அவற்றிலும் சில களைத்துப்போய்க் கல்லின் மேல் தலை சாய்த்துக் கிடக்கின்றன. அண்ணனின் கவிதை 1807இல் அச்சாகிறது. அதில் மூர்க்கக் காற்று இளந்தென்றலாகிவிட்டது. களைத்த பூ ஒன்றுகூட இல்லை. தங்கையும் இல்லை, அவர் தனியாக அலைந்து கொண்டிருந்தார் என்று இருக்கிறது.

இதைத் திருட்டு என்று நான் சொல்ல வரவில்லை. கவிதைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நாங்கள் 'ஆங்கில வசந்தம்' என்று படித்தது, குளிரும் கூட வந்தவளும் நீக்கப்பட்ட பிரதி. நீக்கப்பட்டவை வேறொரு வகை எழுத்தில், கவிதை என்று யாரும் அழைக்காத எழுத்தில், பத்திரமாக இருந்திருக்கின்றன. அந்த எழுத்தின் சரித்திரம் எனக்குச் சுவாரஸ்யமாக இருப்பதற்கு என் தொழிலும் காரணமாக இருக்கலாம். தேதி, விவரம், தொகை என்று நாள் முழுக்கப் பதிகிறவன் நான். (எலியட்டும் 1917 முதல் 1925 வரை லாய்ட்ஸ் வங்கியில் இதே பிழைப்பில்தான் இருந்தார். ஏப்ரல் மாதத்தின் மேல் அவருக்கிருந்த கோபத்தை வருஷக் கணக்கு முடிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.)

முதலில் அந்த ஊர் வசந்தத்தைப் பற்றிக் கொஞ்சம். பிரிட்டனில் பிப்ரவரி, மார்ச் என்பது பருவமல்ல, தகராறு. மேற்கே அட்லாண்டிக், கிழக்கே கண்டம். மேல்காற்று அடித்தால் மழையும் மிதமான வெப்பமும். அது தடைப்பட்டுக் கீழ்காற்று திரும்பினால் ஸ்காண்டிநேவியாவின், ருஷ்யாவின் குளிர் நேரே வந்து இறங்குகிறது. போதாததற்குச் சுற்றியுள்ள கடல் மிகக் குளிர்ந்திருப்பதும் இந்தச் சமயத்தில்தான். 2018 பிப்ரவரிக் கடைசியில் கீழ்காற்றோடு வந்த பனியில் நாடு முடங்கியது. மறு வருஷம் அதே பிப்ரவரிக் கடைசியில், 26ஆம் தேதி, லண்டன் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி செல்சியஸ் வெயில்.

தோட்டத்து உயிர்களெல்லாம் இந்தத் தகராறில் ஏதாவது ஒரு பக்கம் பணயம் வைத்தாக வேண்டும். பிரிம்ஸ்டோன் என்ற மஞ்சள் பட்டாம்பூச்சி குளிர்காலம் முழுக்க ஐவிக்கொடியின் இலைகளுக்குள் இலைபோலவே ஒட்டிக் கிடக்கும். பிப்ரவரியில் ஒரு நாள் வெயில் அடித்தால் பறந்துவிடும். பிளாக்பேர்ட் மார்ச்சிலேயே கூடு கட்டிவிடும். வண்டினங்களில் ராணி மட்டும் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து, பூத்த முதல் செடியைத் தேடித் தாழப் பறந்து கொண்டிருக்கும். தவளைகள் இன்னும் துணிச்சல். தென்மேற்கு மூலையில் கார்ன்வாலில் சில வருஷங்களில் கிறிஸ்துமஸுக்கு முன்பே முட்டையிட்டுவிடுகின்றன. வடக்கே மலைப்பாங்கான இடங்களில் ஏப்ரல்கூட ஆகும். கூழ்போல் மிதக்கும் முட்டைத் திரளின் மேல்பக்கம் இரவு உறைபனியில் வெள்ளையாகிச் செத்துவிடும். அடியில் இருப்பது பிழைக்கலாம். முந்தியவற்றுக்குக் குளத்தில் இடமும் தீனியும் அதிகம். பிந்தியவற்றுக்கு உயிர் நிச்சயம். எது சரி என்பது மே மாதம்தான் தெரியும்.

இந்தப் பணயங்களை முதலில் ஒழுங்காகக் கணக்கெழுத ஆரம்பித்தவர் ராபர்ட் மார்ஷம் என்ற நிலப்பிரபு. நார்ஃபோக்கில் ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்ற ஊர். 1736இல் தொடங்குகிறார்; வயது இருபத்தெட்டு. ஸ்னோட்ராப் பூத்தது, த்ரஷ் பாடியது, தவளை கத்தியது, காக்கையினத்து ரூக் கூடு கட்டத் தொடங்கியது, ஹாதார்ன் துளிர்த்தது, ஓக் இலை விட்டது, தகைவிலான் வந்தது, குக்கூ கூவியது என்று இருபத்தேழு அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதி. வர்ணனை கிடையாது. 1789இல் ராயல் சொசைட்டியின் இதழில் இந்த அட்டவணை வெளிவந்தது.

மார்ஷமின் உண்மையான மோகம் மரங்கள். அடிமரத்தைக் கழுவித் தேய்த்தால் சீக்கிரம் பருக்கிறது என்று அளந்து பார்த்து அதையும் 1777இல் அச்சிட்டவர். நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் தான் நட்ட மரம் தான் இருக்கும்போது வளர்ந்து முடியாது என்று தெரிந்தும் வருஷா வருஷம் அதன் சுற்றளவை எடுத்தவரால்தான் இப்படி ஒரு ஏட்டைத் தொடங்க முடிந்திருக்கும். 1797இல் இறந்தார். பிள்ளைகள், பேரர்கள், அவர்கள் வாரிசுகள் தொடர்ந்தார்கள். நடுவில் சில வருஷங்கள் விட்டுப்போயின. ஏடு முடிந்தது 1958இல்.

இடையில் காலண்டரே மாறியது. இங்கிலாந்தில் 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. நடுவில் பதினொரு நாள் இல்லை. அதற்கு முந்திய வசந்தங்களைப் பிந்தியவற்றோடு ஒப்பிட வேண்டுமானால் பதினொரு நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதுவரை அங்கே சட்டப்படி வருஷம் பிறந்ததும் ஜனவரியில் அல்ல, மார்ச் 25இல். வருஷப் பிறப்பை ஜனவரிக்குத் தள்ளியவர்கள் வரிக்கணக்கை மட்டும் விடவில்லை. அந்தப் பதினொரு நாளைக் கூட்டி ஏப்ரல் 5 ஆக்கி, பிறகு 1800இல் இன்னும் ஒரு நாள் கூட்டி, ஏப்ரல் 6இல் வைத்தார்கள். இன்றும் அப்படித்தான். வசந்தம் கவிஞர்களிடம் மட்டும் தஞ்சம் புகவில்லை, வருமான வரி அலுவலகத்திலும் புகுந்திருக்கிறது.

மார்ஷமின் கடைசிக் காலத்துக் கடிதத் தோழர் செல்போர்ன் கில்பர்ட் ஒயிட். பாதிரியார், அந்த ஊர்த் தேவாலயத்தில் துணைநிலைப் பதவிக்கு மேல் போகாதவர். டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற வழக்கறிஞர் 1767இல் அச்சிட்ட ஒரு படிவ ஏடு அவர் கைக்கு வந்தது. காற்று, வெப்பம், மழை, முதல் இலை, முதல் பூ, பறவைகள் வருகை என்று கட்டம் கட்டமாக இருக்கும். 1768 முதல் இறக்கும்வரை அதில் எழுதினார். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் மூன்று சிறு குருவிகளைக் குரலைக் கொண்டு மூன்று வெவ்வேறு இனம் என்று பிரித்துக் காட்டியவர் அவர். அவற்றில் முந்தி வருவது சிஃப்சாஃப். மார்ச்சில் இலையில்லாத மரத்தில் இரண்டே சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒயிட்டிடம் ஓர் ஆமை இருந்தது, பெயர் டிமோதி. அத்தை வீட்டிலிருந்து வந்தது. 1780 மார்ச்சில், குளிருறக்கத்தில் மண்ணுக்குள் கிடந்ததைத் தோண்டியெடுத்துக் குதிரைவண்டியில் கொண்டு வந்தார். வண்டி ஆட்டத்தில் விழித்தது. புதுத் தோட்டத்தில் சிறிது நடந்து பார்த்துவிட்டு, குளிர் வந்ததும் மறுபடி மண்ணுக்குள் போய்விட்டது. அதற்குக் காது கேட்கிறதா என்று வாயில் வைத்துப் பேசும் குழலால் கத்திப் பார்த்தார் ஒயிட். அது சட்டை செய்யவில்லை. வருஷா வருஷம் அது எப்போது எழுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். அது பெண் ஆமை என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஓடு இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்கு ஒயிட்டைப் பிடிப்பது இதற்காகத்தான். அவர் தவறுகளும் தேதியோடு இருக்கின்றன. தகைவிலான்கள் குளிர்காலத்தில் கடல் கடந்து போகின்றனவா, இல்லை ஆமைபோல எங்காவது பொந்தில் உறங்குகின்றனவா என்ற சந்தேகம் அவரை ஆயுள் முழுக்க விடவில்லை. 1781 ஏப்ரலில் இரண்டு கூலியாட்களை வைத்து மலைச்சரிவில் புதர்களையும் பொந்துகளையும் துழாவச் செய்தார். அவர்கள் துழாவிக்கொண்டிருக்கும்போதே ஒரு வீட்டுத் தகைவிலான் தெரு வழியாகப் பறந்து வந்து பழைய கூட்டுக்குள் நுழைந்தது. அதையும் எழுதி வைத்தார். தன் கட்சிக்கு ஆதரவா விரோதமா என்று தெரியாத சாட்சியத்தை அப்படியே பதிவது சாதாரணமான காரியமல்ல. நம் விமர்சகர்களில் எத்தனை பேர் செய்வார்கள்?

ஆனால் அந்தக் கூலியாட்களின் பெயர் ஏட்டில் இல்லை. இந்த எழுத்தைப் புகழும்போது அதையும் சொல்ல வேண்டும். மார்ஷமுக்கும் ஒயிட்டுக்கும் நிலமும் ஓய்வும் இருந்தன. ஒயிட் வெளியூர் போயிருக்கும் நாட்களில் மழையை அளந்து குறித்து வைத்தவர் அவருடைய தோட்டக்கார வேலையாள் தாமஸ் ஹோர். இவர் பெயராவது பிழைத்திருக்கிறது.

ஒயிட் 1793 ஜூன் 26இல் இறந்தார். ஜூலை 13இல் ஹெல்ப்ஸ்டனில் ஜான் கிளேர் பிறந்தார். வயல் கூலியின் மகன், தானும் கூலி, பர்லி மாளிகைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கவிஞராகப் பெயர் வாங்கிய பிறகு 1820களில், ஒயிட்டைப் போலவே கடித வடிவில் தன் ஊரின் இயற்கை வரலாற்றை எழுத முனைந்தார். நத்தை, ராபின், எறும்பு, பூ எல்லாம் உண்டு, நிறுத்தற்குறி இல்லாமல், வட்டார எழுத்துக்கூட்டலில். ஒயிட் ஜன்னலிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் கண்டதைக் கிளேர் வேலிக்கு அடியில் குனிந்து கண்டிருக்கிறார். 1809இல் வந்த வேலியடைப்புச் சட்டத்தில் ஊரின் பொதுநிலம் அடைபட்டது. ஆகவே அவருடைய வசந்தத்தில் வராமல் போனவையும் கணக்கில் உண்டு. அந்தப் புத்தகம் அவர் காலத்தில் வெளிவரவில்லை. கடைசி இருபத்துச் சொச்சம் வருஷங்கள் மனநல விடுதிகளில் கழிந்தன. இயற்கை பற்றிய அவர் உரைநடை முழுமையாகத் தொகுக்கப்பட்டது 1983இல்.

பிறகு தனி ஆட்கள் போய்ச் சங்கங்கள் வந்தன. ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் புக்கன் 1860களில், பிப்ரவரி 7 முதல் 14 வரையும் ஏப்ரல் 11 முதல் 14 வரையும் குளிர் திரும்பி வரும் என்று பஞ்சாங்கம்போல நாள் குறித்தார். சில வருஷக் கணக்கிலிருந்து எடுத்த முடிவு. நீண்ட கணக்கில் நிற்கவில்லை. 1875இலிருந்து வானிலைச் சங்கம் நாடெங்கும் உள்ள ஆர்வலர்களிடமிருந்து முதல் பூ, முதல் பறவைத் தேதிகளைத் திரட்டியது. 1940களின் இறுதியில் அதுவும் நின்றது. டிம் ஸ்பார்க்ஸ் என்ற ஆய்வாளர் 1998இல் அதை மறுபடி தொடங்கினார்.

பழைய ஏடுகளுக்கு இப்போது புது மதிப்பு வந்திருக்கிறது. 1753க்குப் பிந்திய குறிப்புகளை, 406 வகைச் செடிகளுக்கானவற்றை, சேர்த்துக் கணக்கிட்டு 2022இல் ஓர் ஆய்வு வந்தது. 1987 முதல் 2019 வரையான காலத்தில் முதல் பூக்கும் நாள், அதற்கு முந்திய காலத்தைவிடச் சராசரியாக ஏறக்குறைய ஒரு மாதம் முந்திவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் 1947 முதல் சிட்டுக்குருவி அளவுள்ள கிரேட் டிட் பறவைகளைக் கவனித்து வருகிறார்கள். இப்போது முட்டையிடுவது பழைய நாட்களைவிட இரண்டு வாரத்துக்கு மேல் முன்னதாக. ஓக் துளிர்க்க வேண்டும், துளிரைத் தின்னப் புழு பொரிக்க வேண்டும், புழு பருக்கும்போது குஞ்சு வாய் திறக்க வேண்டும். மூன்றும் ஒரே வேகத்தில் முந்துவதில்லை. இதைச் சொல்வதற்கு டோரதியின் ஏப்ரல் 15 பயன்படும். அண்ணனின் கவிதை பயன்படாது. அதனால் கவிதை தாழ்ந்துவிடாது என்று எனக்கும் தெரியும். தகவல் தாழ்ந்தது என்பதைத்தான் நான் இனி ஏற்கமாட்டேன்.

மார்ஷம் தொடங்கிய நாலாவது வருஷம், 1739–40இல், ஒரு கொடுங்குளிர் வந்தது. மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைக்கு 1659இலிருந்து மாதவாரிக் கணக்கு இருக்கிறது. கோர்டன் மான்லி என்ற புவியியலாளர் பழைய குறிப்புகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. அதன்படி, 1740க்குப் பிறகு மிகக் கடுமையான குளிர்காலம் 1962–63. குளங்கள் உறைந்தன. மார்ச் வரை பனி கிடந்தது. ரென் என்ற குட்டிப் பறவை கூட்டங்கூட்டமாகச் செத்தது. அந்த வசந்தத்தில் ஸ்னோட்ராப் எப்போது பூத்தது, தவளை எப்போது கத்தியது என்று எழுத ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸில் யாரும் இல்லை. ஏட்டை மூடி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.