மரப்பேனாவின் மெருகு: அரக்கிலிருந்து சயனோஅக்ரிலேட் வரை

கைக்கருவிகளின் பிடிகளை விட்டால், மரத்தில் செய்யப்படும் பொருள்களுள் பேனாவைப் போல இடைவிடாமல் கையின் வியர்வைக்கு உள்ளாகும் பொருள் வேறொன்றைச் சொல்வது கடினம். மேசையும் பெட்டியும் அவ்வப்போது தொடப்படுபவை. பேனாவோ விரல்நுனிகளின் ஈரத்தையும் எண்ணெய்ப்பசையையும் ஒரே இடத்தில் மணிக்கணக்காக ஏற்றுக்கொண்டு, எழுதி முடித்த பிறகு சட்டைப்பையில் சாவிகளோடும் நாணயங்களோடும் உரசிக் கிடக்கிறது. ஆகவே மரப்பேனா செய்பவர்களுக்குக் கடைசலை விடக் கடைசலுக்குப் பிந்திய மெருகே பெரிய சிக்கலாக இருந்து வந்துள்ளது. இன்று கைவினைப் பேனாக்களில் கண்ணாடி போல் மின்னும் பூச்சு, நொடியில் ஒட்டும் பசையால் ஆனது என்பதைப் பலர் அறிவதில்லை. மரவேலைக்கும் எழுதுகோலுக்கும் தொடர்பில்லாத ஓர் ஆய்வில் பிறந்த வேதிப்பொருள் கடைசல் பட்டறைக்கு வந்து சேர்ந்த வரலாறு அது.

சுழலும் மரத்தின்மீதே மெருகை உண்டாக்கும் முறை இந்தியாவில் பழமையானது. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் கூட்டமாக வாழும் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. அதைத் தூய்மை செய்து, நிறம் சேர்த்து, குச்சிகளாக உருட்டி வைத்துக்கொள்ளும் கைவினைஞர், கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மீது அக்குச்சியை அழுத்துகிறார். உராய்வில் எழும் வெப்பத்தால் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. பின்னர் தாழை மடலை அதன்மீது அழுத்தி ஓட்டும்போது படிந்த அரக்கு சமமாகப் பரவி, ஒளியைத் திருப்பும் மென்தோலாக இறுகுகிறது. தூரிகையும் இல்லை, கரைப்பானும் இல்லை, உலரக் காத்திருக்கும் நேரமும் இல்லை. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கொண்டும், நெல்லைச் சீமையின் அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான்களுக்காகவும் தலைமுறைகளாக நடந்துவரும் இத்தொழிலில், மரத்தின் வேகம், குச்சியின் அழுத்தம், எழும் சூடு ஆகிய மூன்றையும் கையுணர்வால் மட்டுமே சரிப்படுத்த வேண்டியிருப்பதால், இதைக் கற்றுத் தேறப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அரக்கையே மெல்லிய செதில்களாக்கிச் சாராயத்தில் கரைத்துப் பயன்படுத்தும் வழக்கம் ஐரோப்பாவில் வலுப்பெற்றது. அச்செதில்களுக்கு ஷெல்லாக் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய பிரெஞ்சு மெருகு என்னும் முறையில், துணிப்பொதியில் இக்கரைசலை நனைத்து, அறைகலன்களின்மீது நூற்றுக்கணக்கான முறை தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக மிக மெல்லிய அடுக்குகள் ஏற்றப்பட்டன. கடைசல்காரர்கள் அதே கரைசலில் எண்ணெய் கலந்து, சுழலும் மரத்தில் துணியால் அழுத்திப் பூசினார்கள். உராய்வு மெருகு எனப்படும் இது ஓரிரு நிமிடங்களில் மின்னும் மேற்பரப்பைத் தந்தது. அழகில் இதற்கு ஈடு சொல்வது அரிது. மரத்தின் வரிகளை ஆழமாகவும் வெதுவெதுப்பான நிறத்திலும் எடுத்துக்காட்டுவதில் ஷெல்லாக்கை வேறெந்தப் பூச்சும் எளிதில் வென்றுவிடாது. ஆயினும் அது வெப்பத்தில் இளகும், சாராயம் பட்டால் கரையும், ஈரம் தங்கினால் வெண்மை படரும். காட்சிப் பேழையில் வைக்கும் கிண்ணத்துக்கு இக்குறைகள் பொருட்டல்ல. பேனாவில் ஏறிய அந்த மினுக்கமோ சில வாரப் பயன்பாட்டிலேயே விரல் படும் இடங்களில் மங்கிப்போனது.

பேனாத் தொழிலின் பெருநிறுவனங்கள் பெரும்பாலும் இச்சிக்கலுக்குள் நுழையவில்லை. மை ஊற்றும் பேனாக்களின் முதற்காலத்தில், கந்தகம் சேர்த்துக் கடினமாக்கப்பட்ட ரப்பராகிய எபோனைட்டும், 1920களிலிருந்து செல்லுலாய்டும், அதன் பின்னர் அக்ரிலிக் முதலான பிளாஸ்டிக்குகளுமே மூலப்பொருள்களாயின. இவற்றுக்குத் தனிப் பூச்சு தேவையில்லை. தேய்த்தால் அவற்றின் உடம்பே மின்னும். ராஜமுந்திரியிலும் திருவள்ளூரிலும் கையால் கடையப்படும் எபோனைட் பேனாக்கள் அம்மரபின் தொடர்ச்சியாகும். நுண்துளைகள் நிறைந்ததும் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்குவதுமான மரம், மை தேக்கும் பேனாவுக்குப் பொருந்தாத பொருளாகவே நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில், பந்துமுனைப் பேனாவின் உதவியோடு மரம் திரும்பி வந்தது. மை தனிக் குழலுக்குள் அடங்கிவிட்டதால் உடல் எதனாலும் ஆகலாம் என்ற நிலையில், அமெரிக்காவில் மரக்கடைசலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பெருகினர். அமெரிக்க மரக்கடைசல்காரர் சங்கம் 1986இல் தொடங்கப்பட்டது. பித்தளைக் குழாய், முனை, கொக்கி, திருகும் பொறி ஆகியவை அடங்கிய உதிரிப்பாகத் தொகுப்புகள் கடைகளில் கிடைக்கத் தொடங்கின. டிக் சிங் 1996இலும், கிப் கிறிஸ்டென்சன், ரெக்ஸ் பர்னிங்ஹாம் இருவரும் 1999இலும் வெளியிட்ட நூல்கள் பேனாக் கடைசலைத் தனிக் கலையாகவே கற்பித்தன. முறை எளியது: சிறு மரக்கட்டையில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் துளையிட்டு, அதற்குள் பித்தளைக் குழாயை ஒட்டி, அளவுகாட்டும் எஃகு வளையங்களாகிய புஷ்களுக்கு நடுவே பொருத்திக் கடைகிறார்கள். பேனா முடியும்போது முனைகளில் எஞ்சும் மரத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இவ்வளவு மெல்லிய மரத்தைக் காக்க வலுவான ஓர் உறை வேண்டியிருந்தது.

அவ்வுறையாக அமைந்த சயனோஅக்ரிலேட்டின் கதை 1942இல் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரின்போது, துப்பாக்கிகளின் குறிநோக்கிகளுக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஒன்றைத் தேடிய ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் வேதியியலாளர் ஹாரி கூவரின் குழு, சயனோஅக்ரிலேட்டுகளைச் செய்து பார்த்து, தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்வதால் பயனற்றவை என்று கைவிட்டது. 1951இல் டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்போர்ட்டில், ஜெட் விமான ஓட்டியின் இருக்கையை மூடும் கண்ணாடிக்கூண்டுக்காக வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கைத் தேடும் ஆய்வைக் கூவர் மேற்பார்வையிட்டபோது, ஃபிரெட் ஜாய்னர் என்ற ஆய்வாளர் எத்தில் சயனோஅக்ரிலேட்டை ஒளிவிலகல்மானியின் இரு முப்பட்டகங்களுக்கு இடையே தடவினார். விலையுயர்ந்த அக்கண்ணாடிகள் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் குறையாகத் தெரிந்த அதே இயல்பில் இம்முறை கூவர் ஒரு பசையைக் கண்டார். 1958இல் ஈஸ்ட்மன் 910 என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், சிறு துளிப் பசையால் இணைத்த உலோகத் துண்டுகளைக் கொண்டு நிகழ்ச்சி நடத்துநர் கேரி மூர் மேடையிலிருந்து தூக்கிக் காட்டப்பட்டார்.

இப்பசை உலர்வதால் இறுகுவதில்லை. காற்றிலும் பொருள்களின் மேற்பரப்பிலும் உள்ள நுண்ணிய ஈரம், திரவத்தின் தனித்தனி மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலிகளாக்குகிறது. நொடிகளில் அது திடப் பிளாஸ்டிக்காக மாறிவிடுகிறது. அப்பிளாஸ்டிக் அக்ரிலிக்கின் நெருங்கிய உறவு, நிறமற்றது, ஒளி ஊடுருவுவது. கூவரின் குழு தேடிய ஒளித்தெளிவு அதில் ஏற்கெனவே இருந்தது என்பதையும், ஒட்டும் ஆற்றலையே உலகம் கொண்டாடியதால் அத்தெளிவுக்குப் பயன் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின என்பதையும் இங்கே கருத வேண்டும்.

மரவேலையில் இப்பசை முதலில் பழுது பார்க்கவே பயன்பட்டது. நீர் போன்ற மெல்லிய வகை விரிசல்களுக்குள் தானே ஊறிச் செல்வதால், பூஞ்சை அரித்து மென்மையான மரத்தை இறுக்கவும், மரக்கழலைகளில் உதிரும் பட்டைத் துணுக்குகளை நிறுத்தவும், பேனாக்கட்டைக்குள் பித்தளைக் குழாயைப் பதிக்கவும் கடைசல்காரர்கள் அதைக் கையாண்டனர். விரிசலை அடைத்த பசையை உப்புத்தாளால் தேய்த்தால், சுற்றியுள்ள மரத்தை விட அவ்விடம் கூடுதலாக மின்னும். பசையை மரம் முழுவதும் பூசினால் என்ன என்ற எண்ணத்துக்கு அதற்குமேல் தூண்டுதல் தேவையில்லை. 2000களின் தொடக்க ஆண்டுகளில் பேனாக் கடைசலின் முதன்மை மெருகாகவே இது நிலைபெற்றது.

முறையில் பல பிரிவுகள் உண்டு. சுழலும் மரத்தில் மடித்த காகிதத் துவாலையால் மெல்லிய பசையைப் பூசி, எட்டு பத்து அடுக்குகள் ஏற்றுவது பொது வழக்கம். பருத்தித் துணியை இதற்குத் தொடவே கூடாது. பருத்தியில் பசை பட்டால் வினை வேகமெடுத்து, கையைச் சுடும் அளவுக்கு வெப்பம் எழும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைப் பசையோடு சேர்த்துப் பூசுவோர், காகிதம் ஒட்டிப் பிடிக்காமல் வழுக்கிச் செல்வதற்கும் மரவரிகள் எடுப்பாகத் தெரிவதற்கும் எண்ணெய் உதவுவதாகக் கருதினர். எண்ணெய் பூச்சைப் பலவீனப்படுத்தும் என்று மறுத்தோர் பசையை மட்டுமே நம்பினர். அடுக்குகளை விரைவில் இறுக்க, முடுக்கி எனப்படும் திரவம் தெளிக்கப்படுகிறது. அது மிகுந்தால் பசைக்குள் குமிழிகள் தோன்றும், பூச்சு வெளுக்கும். பொறுமையின்மை இவ்வளவு வெளிப்படையாகத் தண்டிக்கப்படும் மெருகு வேறில்லை. தோதகத்தி போன்ற எண்ணெய்ப்பசை மிக்க மரங்களை முதலில் அசிட்டோனால் துடைத்தாக வேண்டும். பசை பாலிஎத்திலீனில் ஒட்டுவதில்லை என்பதால், பூசும் வேளையில் எஃகு வளையங்களை நீக்கிவிட்டு, அவ்வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கூம்புகளுக்கு இடையே பேனா உடலை நிறுத்துகிறார்கள்.

பசை பூசி முடித்ததும் கிடைப்பது மேடுபள்ளமான தோலே. மினுக்கம் அதன் பிறகான தேய்ப்பில்தான் வருகிறது. நீர் தொட்டுத் தேய்க்கும் மைக்ரோ-மெஷ் என்னும் மெத்தைத் தாள்கள் 1500 முதல் 12000 வரையிலான தரங்களில் வரிசையாகப் பயன்படுத்தப்படுகின்றன. இத்தாள்கள் விமானங்களின் அக்ரிலிக் சன்னல்களில் விழும் கீறல்களை நீக்கப் பயன்படுபவை. விமானக் கண்ணாடிக்காகத் தேடியபோது அகப்பட்ட பசை, விமானக் கண்ணாடியைத் தேய்க்கும் தாளால் மரப்பேனாவின்மீது மெருகேறுகிறது என்பது இத்தொழிலின் வரலாற்றில் மிகவும் வியப்பூட்டும் செய்தி.

இப்பூச்சின்மீது சொல்லப்படும் முக்கியமான குற்றச்சாட்டு, கை மரத்தைத் தொடுவதில்லை, பிளாஸ்டிக்கையே தொடுகிறது என்பது. அது உண்மை. மரத்தின் மணமும் சொரசொரப்பும் இந்த உறைக்குக் கீழே மறைந்துவிடுகின்றன. சந்தனத்தில் பேனா கடைந்து அதைப் பசையால் மூடுவது அம்மரத்துக்குச் செய்யும் அநீதி. பூச்சு கடினமானது ஆயினும் நொறுங்கும் தன்மை உடையது. முனைகளைப் பசையால் சரிவர மூடாவிட்டால், அவ்வழியே ஈரம் மரத்துக்குள் புகுந்து பூச்சை மேலெழச் செய்யும். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி பட்டால் அது கரையும். பசையின் ஆவி கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்துவதால், காற்றோட்டமில்லாத அறையில் இவ்வேலை செய்வது தவறு. இத்தனையையும் கணக்கில் கொண்ட பின்னரும், அன்றாடம் எழுதும் கைக்குள் பல ஆண்டுகள் மங்காமல் நிற்பதில், ஷெல்லாக்கும் மெழுகும் எண்ணெயும் இதற்கு அருகில் வரவில்லை என்பதே சரியான தீர்ப்பு.

குழந்தைகள் வாயில் வைக்கும் சொப்புக்கு அரக்கே உரியது. அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பிளாஸ்டிக் பொம்மைகளின் வரவால் சந்தை சுருங்கிய அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்களிடம், சுழலும் மரத்தில் சூட்டையும் அழுத்தத்தையும் விரலால் அளக்கும் திறன் இன்றும் இருக்கிறது. பசை மெருகு கேட்பதும் அதே திறனைத்தான். தேக்கிலும் வெட்பாலையிலும் பேனா கடைய அவர்களுக்குப் பயிற்சியும் கருவியும் கிடைக்கச் செய்வது, கைவினைத் துறைக்குப் பொறுப்பானவர்கள் தாமதிக்காமல் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.