குழாய் வந்த ஊரில் கழிவுநீருக்கு வழி

2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என இலக்கு வகுத்தது. ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு இது 55,000 லிட்டர். வழங்கும் நீரில் 80 விழுக்காடு கழிவுநீராகும் என்ற பொறியியல் வழக்குப்படி கணக்கிட்டால், நாள்தோறும் 44,000 லிட்டர் வெளியேறும். குடத்தில் சுமந்த காலத்தில் குளித்த நீரைக் கொல்லை வாழை குடித்துத் தீர்த்தது. குழாய் வந்தபின் வாழைக்கு மிஞ்சியது தெருவுக்கு வந்துவிட்டது. நகரச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சிறிதாக்கி ஊரில் நிறுவுவது இதற்குத் தீர்வாகாது. கழிவுநீரைப் பிறக்கும் இடத்திலேயே இரண்டாகப் பிரித்து, மண்ணின் இயல்புக்கேற்ற எளிய முறைகளைக் கையாள்வதே பொருத்தம் என இக்கட்டுரை வாதிடுகிறது.

நகர நிலையங்கள் பலவும் நுண்ணுயிர்களுக்கு இடைவிடாது காற்றூட்டிக் கழிவைச் சிதைக்கின்றன. மின்சாரம் நீண்டநேரம் நின்றால் அவ்வுயிர்கள் நலிகின்றன. சிற்றூரில் வரத்தும் சீராக இராது. காலையிலும் மாலையிலும் பெருகி, இரவில் ஏறக்குறைய நின்றுவிடும். மின்கட்டணமும் பயிற்சி பெற்ற இயக்குநரின் ஊதியமும் சிறிய ஊராட்சிக்குத் தாங்காத சுமைகள்.

நோய்க்கிருமிகள் மிகுதியாக இருப்பது கழிப்பறை நீரில்; அளவில் மிகுவதோ குளியல், சமையல், துவைப்பு நீர். இரண்டையும் கலந்தால் மொத்த நீரும் மலநீராகிறது. ஆகவே கழிப்பறைக்கு இரட்டை உறிஞ்சுகுழி வேண்டும். ஒரு குழி நிறைந்ததும் மறுகுழிக்கு வழியைத் திருப்பிவிட்டு, நிறைந்ததை இரண்டாண்டு ஆறவிட்டால் மலம் மட்கி எருவாகும். பச்சைக் கழிவை எவரும் தொட வேண்டியதில்லை. மலக்குழியில் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னும் மரணங்கள் தொடரும் நாட்டில், இது வெறும் தொழில்நுட்பத் தேர்வு அன்று, அறத்தேர்வு. செப்டிக் டேங்கோ கழிவைத் தேக்கிவைக்குமே தவிர முற்றாகத் தீர்ப்பதில்லை. அதிலிருந்து வழியும் நீரிலும் கிருமி உண்டு, தங்கும் கசடுக்கு லாரி வேண்டும்.

குளியல், சமையல் நீருக்கு வீட்டு உறிஞ்சுகுழியே முதல் வழி. மகாராட்டிரத்தின் நான்தேடு மாவட்டத்தில் தெம்புர்ணி என்னும் சிற்றூர், வீடுதோறும் இத்தகைய குழி அமைத்துத் தெருச் சாக்கடையையும் கொசுவையும் ஒழித்துப் பெயர்பெற்றது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அழுக்கு நீரில் பெருகுவது. தேக்கம் நீங்கினால் அதன் பிறப்பிடமும் நீங்கும்.

எல்லா மண்ணும் நீரை உறிஞ்சாது என்ற மறுப்பு நியாயமானது. கரிசல் மண்ணில் நீர் இறங்கத் தயங்கும். காவிரிப் படுகை போல் நிலத்தடி நீர் மேலெழும் இடங்களில் குழிநீர் கிணற்றில் கலக்கும். அங்கே கழிப்பறைக் குழியைத் தரைக்கு மேல் உயர்த்தி, சுற்றிலும் மணல் நிரப்பிக் கட்ட வேண்டும். குளியல் நீரை மூடிய குழாயில் ஊர்ப்பொது அமைப்புக்குக் கொண்டுசெல்லலாம். படிவுத்தொட்டி, அடுத்துக் காற்றின்றிச் சிதைக்கும் தடுப்பறைத் தொட்டி, கல்வாழையும் நாணலும் நட்ட சரளைப் படுகை, இறுதியில் வெயில்படும் குட்டை என்னும் வரிசை மின்சாரம் கேட்பதில்லை. நிலம் சரிவாக இருந்தால் நீர் தானே இறங்கும். வெளிவரும் நீர் மரங்களுக்கும் தீவனப்புல்லுக்கும் உதவும்.

மின்சாரம் வேண்டாம் என்பதால் பராமரிப்பும் வேண்டாம் என்று கொள்ளலாகாது. படிவுத்தொட்டியில் எண்ணெய்ப் படலமும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்தால் சரளை அடைபடும்; செடியை அறுக்காவிட்டால் அது படுகையிலேயே மக்கும். ஆகவே கட்டும் செலவை ஒதுக்கும்போதே, துப்புரவுக்கான ஆளையும் ஆண்டுத் தொகையையும் கிராமசபைத் தீர்மானத்தில் எழுதிவைக்க வேண்டும். நீர் கொடுக்கும் திட்டம் வீட்டுக் குழாயோடு முடிவதில்லை. அந்த நீர் கெடுதியின்றி மண்ணுக்குத் திரும்பும் இடத்தில்தான் முடிகிறது.