நோய் மறுபடியும் வந்தால்

காஞ்சிபுரம் மாவட்டத்துக் காவாந்தண்டலத்தை ஒட்டி ஓடும் செய்யாறு கிழக்கே போய்ப் பாலாற்றோடு கலக்கும் இடம் திருமுக்கூடல். வேகவதியும் அங்கேதான் வந்து சேர்கிறது. அந்த ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறக்குறைய 1068-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு மருத்துவமனையின் செலவுக் கணக்கு அதில் இருக்கிறது. மருத்துவமனைக்கு வீரசோழன் என்று பெயர். 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மருந்து சேகரித்துக் காய்ச்ச ஆட்கள், பணிவிடைக்குப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் சம்பளம். கோயில் பணியாளர்களும் அங்கே தங்கிப் படித்த மாணவர்களும்தான் நோயாளிகள்.

நோயாளிக்கு மருந்து கிடைத்தது, சோறும் கிடைத்தது. படுத்தவர் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பது மட்டும் கல்வெட்டின் கணக்கில் வரவில்லை. வைத்தியச் செலவை ஒருவர் ஏற்கலாம். நின்றுபோன வருமானத்தை யார் ஏற்பது? இந்தக் கேள்விக்குப் பதிலாக வந்த பண்டத்தைத்தான் இன்று ‘கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி’ என்கிறோம். மாரடைப்பு, புற்றுநோய் போன்ற கடும் நோய் வந்துவிட்டது என்று உறுதியானால், ஆஸ்பத்திரி பில்லைக் கேட்காமல் பேசிய தொகையை மொத்தமாகக் கையில் தருவது அதன் குணம். இப்போது ஏஜென்டுகள் அதன் புது அவதாரத்தைக் கொண்டுவருகிறார்கள். ஒரு தடவை பணம் வாங்கியபின் இன்னொரு நோய் வந்தாலும் தரும், மூன்றாவது வந்தாலும் தரும் என்கிறார்கள். நம் ஊர்த் திண்ணைக்கு வருமுன் இது சுற்றிய ஊர்கள் நிறைய.

ஆயுள் காப்பீடு இந்தியாவுக்கு முதலில் வந்தது 1818-இல், கல்கத்தாவில் தொடங்கிய ஓரியன்டல் கம்பெனி வழியாக. அது வெள்ளைக்காரர்களுக்கான கடை. பின்னாளில் இந்தியர்களுக்கும் பாலிசி தந்தார்கள், ஆனால் கூடுதல் பிரீமியத்தில். சம விலைக்குத் தர பம்பாய் மியூச்சுவல் என்ற சங்கம் 1870-ஐ ஒட்டிப் பிறக்க வேண்டியிருந்தது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பொதுவாகப் பணம் வர ஆள் சாக வேண்டும். நோயில் விழுந்து பிழைத்தவனுக்கு அதில் இடமில்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார்; நோயுற்ற நாட்களுக்குப் படிக்காசும் உண்டு. அது அரசு வகுத்த வழி. கடைச் சரக்காக அது மாற ஒரு குழந்தை நோய் காரணமானது.

1940களில் அமெரிக்காவை இளம்பிள்ளை வாதம் ஆட்டிவைத்தபோது, அந்த ஒரு நோய்க்கு மட்டுமான பாலிசிகள் சுடச்சுட விற்றன. 1955 ஏப்ரலில் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி பலிக்கிறது என்று அறிவித்தார்கள். ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. போலியோ பாலிசி விற்றவர்களுக்குச் சரக்கு போயிற்று. அதே ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் ஜான் ஏமஸ் தன் சகோதரர்களோடு ஒரு சின்னக் காப்பீட்டுக் கம்பெனி தொடங்கினார். போலியோ பாலிசியின் அச்சிலேயே 1958-இல் புற்றுநோய்க்கு ஒரு பாலிசி வார்த்தார். பயம் பழையது, நோய்தான் வேறு. 1970-இல் ஒசாகா உலகக் கண்காட்சிக்குப் போனவர், சளிக்குப் பயந்து சாதாரண ஜனங்கள் முகமூடி அணிந்து நடப்பதைப் பார்த்தாராம். உடம்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் ஊரில் நம் சரக்கு விலைபோகும் என்று கணக்குப் போட்டார். 1974-இல் ஜப்பானில் உரிமம் கிடைத்தது. அஃப்லாக் என்ற அந்தக் கம்பெனிக்குப் பின்னர் அமெரிக்காவைவிட ஜப்பானே பெரிய சந்தையாயிற்று. கடைவீதியில் கண்ட முகமூடியிலிருந்து ஒரு தொழில் முளைத்தது என்று சொன்னால் வியாபாரப் பள்ளிகள் ஒத்துக்கொள்ளாது. எனக்கு நம்பத் தோன்றுகிறது.

நாம் இன்று வாங்குகிற வடிவம் தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. 1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தபோது, அந்தக் குழுவில் அவர் தம்பி மாரியஸும் இருந்தார். புகழ் அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்தது. தம்பிக்கு ஒரு உறுத்தல் மிஞ்சியது. நுரையீரல் புற்றுநோய்க்கு அவர் அறுவை செய்த ஒரு இளம் தாய், கணவனைப் பிரிந்தவர், இரண்டு குழந்தைகளோடு இருந்தவர், ஓரிரு ஆண்டுக்குப் பின் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். ஓய்வெடுக்க வசதியில்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். இந்தச் சம்பவத்தை மாரியஸ் பின்னாளில் மேடைதோறும் சொன்னார். குருசேடர் லைஃப் என்ற கம்பெனியோடு சேர்ந்து 1983 அக்டோபரில் ஒரு புது பாலிசியை இறக்கினார். மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், இதய பைபாஸ் அறுவை என்று நான்கே நான்கு. பிஸ்மார்க்கின் சட்டத்துக்குச் சரியாக நூறாண்டு கழித்து, ஆயுள் காப்பீட்டின் விதியை ஒரு மருத்துவர் திருப்பிப் போட்டார். பிழைத்தால்தான் இதில் பணம். அதனால்தான் நோய் உறுதியான பிறகு இத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற விதி இன்றும் பாலிசிகளில் இருக்கிறது. பெரும்பாலும் 30 நாள், சிலவற்றில் அதைவிடக் குறைவு.

காப்பியடிப்பவர்கள் தாமதிக்கவில்லை. சில ஆண்டுகளில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா எல்லா இடத்திலும் இதே சரக்கு. ஒருவர் 4 நோய் என்றால் அடுத்தவர் 7, அதற்கடுத்தவர் 20, 30 என்று ஏலம் போட்டார்கள். இந்தியாவில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1990களில் ‘ஆஷா தீப்’ என்ற திட்டத்தில் புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, பைபாஸ் ஆகியவற்றைச் சேர்த்தது. பைபாஸ் நமக்கு அந்நியமானதல்ல. நாட்டின் முதல் பைபாஸை 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் செய்துவிட்டிருந்தார்.

இதற்குள் வைத்தியம் காப்பீட்டை முந்திக்கொண்டு ஓடியது. 1977-இல் சூரிச்சில் ஆந்திரயாஸ் குருன்ட்சிக் நெஞ்சைப் பிளக்காமல் பலூன் விட்டு இதயக் குழாயைத் திறந்தார். ஆஞ்சியோபிளாஸ்டி பெருகியது, பாலிசித் தாளில் ‘நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸ்’ மட்டும் அப்படியே நின்றது. இன்றும் நம் ஊரில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு கிளைம் போட்டு ஏமாறுகிறவர்கள் இந்த இடைவெளியில் விழுந்தவர்கள். இரத்தத்தில் ட்ரோபோனின் என்ற புரதத்தை அளக்கும் சோதனை வந்தபின், முன்பு வாயுத் தொல்லை என்று போயிருக்கக்கூடிய சின்னச் சின்ன மாரடைப்புகளும் கண்டுபிடிக்கப்பட்டன. கம்பெனிகள் மிரண்டு, ‘குறிப்பிட்ட தீவிரமுள்ள’ என்ற அடைமொழியைச் சேர்த்தன. தென்கொரியாவில் இன்னும் வேடிக்கை. 1999-இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்க, கூடவே சொற்பக் காசுக்குக் கழுத்தையும் ஸ்கேன் பார்த்தார்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்படும் விகிதம் 1993-இல் இருந்ததைவிட 15 மடங்கு. இறப்பு விகிதமோ அசையவில்லை. உயிருக்கு உலை வைக்காத கட்டிக்கெல்லாம் முழுத் தொகை கொடுக்க வேண்டியிருந்த கம்பெனிகள் தைராய்டுக்கான பங்கைக் குறைத்தன. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2013-இல் 11 நோய்களுக்குப் பொது வரையறை வகுத்து, பிறகு அதை 22 ஆக்கியது. அதிலும் பரவாத சின்ன தைராய்டு கட்டி கிடையாது. பக்கவாதம் என்றால் அதன் பாதிப்பு குறைந்தபட்சம் மூன்று மாதம் நீடித்திருக்க வேண்டும். மாரடைப்பு என்றால் அது முதலாவதாக இருக்க வேண்டும்.

வைத்தியம் தேறத் தேற, பணம் வாங்கியவர்கள் சாகாமல் நன்றாக வாழத் தொடங்கினார்கள். பழைய பாலிசியோ ஒரு கிளைமோடு முடிந்துவிடும். ஒரு தடவை புற்றுநோய் வந்தவருக்கு எந்தக் கம்பெனியும் எளிதில் புதிதாகக் கதவு திறக்காது. அதிகம் தேவைப்படுகிறவருக்கே காப்பு இல்லாமல் போயிற்று. ஆஸ்திரேலியாவில் கிளைமுக்குப் பின் காப்பை மீட்டெடுக்கும் வசதியை விற்றார்கள். ஹாங்காங், தைவான், சிங்கப்பூர் கம்பெனிகள் ஒரு படி மேலே போய், ஒரே பாலிசியில் பலமுறை பணம் என்ற வடிவத்தைப் பரப்பின. சென்னைக் கம்பெனியான ஸ்டார் ஹெல்த்தும் 37 நோய்களை நான்கு பிரிவாக்கி ஒரு மல்டிபே பாலிசி வைத்திருக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தை நடத்திக் கொடுத்த அதே கம்பெனிதான்.

சூட்சுமம் ‘பிரிவு’ என்பதில் இருக்கிறது. புற்றுநோய் ஒரு பிரிவு, இதயம் ஒன்று, மூளை நரம்பு ஒன்று, மற்ற உறுப்புகள் ஒன்று என்று வையுங்கள். ஒரு பிரிவில் பணம் வாங்கினால் வழக்கமாக அந்தப் பிரிவு மூடிக்கொள்ளும், மற்றவை திறந்திருக்கும். இரண்டு கிளைமுக்கும் நடுவே இத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பார்கள், பெரும்பாலும் 12. காவாந்தண்டலத்தில் நெல் போடும் ஒருவர் பத்து லட்சத்துக்கு எடுத்திருக்கிறார் என்று கற்பனை செய்துகொள்வோம். 48 வயதில் மாரடைப்பு, பணம் வந்தது. 50 வயதில் பைபாஸ். அதே இதயப் பிரிவு, ஒன்றும் வராது. 52 வயதில் பக்கவாதம். கம்பெனி பக்கவாதத்தை மூளைப் பிரிவில் வைத்திருந்தால் இன்னொரு பத்து லட்சம். இதயம், இரத்தக்குழாய் என்று ஒரே கூடையில் போட்டிருந்தால் சுழியம். இரண்டு பாலிசியின் விளம்பரத்திலும் ‘மூன்று முறை பணம்’ என்றுதான் இருக்கும்.

ஜனங்கள் பயப்படுவது வேறொன்றுக்கு. போன நோய் திரும்பி வருவதற்கு. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் புற்றுநோய் அறுவை முடித்து நவம்பரில் சென்னை திரும்பிய அவர்கள் ஊர்க்காரர் அண்ணா, 1969 பிப்ரவரி 3 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மறைந்தார். அவர் பெயரில்தான் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அறுவைக்கும் மறைவுக்கும் நடுவே ஐந்து மாதம்கூட இல்லை. இந்த வேகத்தில் திரும்பும் புற்றுநோய்க்கு எந்த மல்டிபே பாலிசியும் இரண்டாம் முறை பணம் தராது. அதே புற்றுநோய்க்கு மறுபடி தருவதாகச் சொல்லும் பாலிசிகள் நடுவில் சில ஆண்டுகள் நோயில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று கேட்கும், அதுவும் சிகிச்சை எதுவும் இல்லாமல். மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு ஹார்மோன் மாத்திரையை ஐந்து, பத்து ஆண்டு விழுங்குகிறவர்கள் உண்டு. மாத்திரை விழுங்குவது சிகிச்சையா, நோயில்லாக் காலமா என்று ஏஜென்டிடம் வாய்மொழியாகக் கேட்டால் போதாது. கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், கூலிக்கும் விவசாயத்துக்கும் போகிறவருக்கு மூன்று தடவை தரும் வாக்குறுதியைவிட முதல் தடவை கொஞ்சம் கனமாக வரும் தொகையே மேல். மல்டிபேக்குக் கூடுதல் பிரீமியம் உண்டு; அந்தக் காசில் சாதாரண பாலிசியின் தொகையை உயர்த்த முடியுமா என்று முதலில் விசாரிக்கலாம். இரண்டு கம்பெனியில் இரண்டு பாலிசி இருந்தால் ஒரே நோய்க்கு இரண்டும் தரும், ஏனென்றால் இவை பில்லைப் பார்த்துத் தருபவை அல்ல. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 2017-இல் கொண்டுவந்த கேன்சர் கவர் திட்டமும் யோசிக்க வைக்கிறது. ஆரம்ப நிலையில் 25 சதவீதம், முற்றிய நிலையில் மீதித் தொகை, அதன்பின் பத்தாண்டுக்கு மாதாமாதம் காப்புத் தொகையில் ஒரு சதவீதம். நின்றுபோன கூலிக்கு ஈடு என்றால் இந்த மாதத் தவணைதான் பொருத்தம். சிகிச்சைச் செலவுக்கு முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. திருமுக்கூடல் கோயில் செய்ததை இன்று அரசு செய்கிறது. கையில் ரொக்கம் தருவது அதன் வேலையல்ல.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், உடல்நலக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை. ஏஜென்ட் சொல்லும் பிரீமியத்தில் பழைய வரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் 90 நாளுக்குள் நோய் தெரிந்தால் வழக்கமாகப் பணம் கிடையாது. சர்க்கரை, இரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். ஏஜென்ட் ‘அதெல்லாம் வேண்டாம் சார்’ என்றாலும் கேட்காதீர்கள். பாலிசி கையில் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பித் தர உங்களுக்கு உரிமை உண்டு. அந்த 30 நாளில் விளம்பரத் தாளை மடித்து வைத்துவிட்டு, எந்த நோய் எந்தப் பிரிவில் இருக்கிறது என்ற அட்டவணையையும் இரண்டாவது கிளைமுக்கான நிபந்தனையையும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.