ரேழி முதல் ரேக் வரை – ஒரு சின்ன இடத்தின் பெரிய வரலாறு

ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். திருக்கோவிலூர் இடைகழிக்கு வைணவ மரபு சொல்லும் அளவு இதுதான். மழை கொட்டிய ஓர் இரவில் பொய்கையாழ்வார் அங்கே ஒதுங்கிப் படுத்திருந்தாராம். பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள். பேயாழ்வார் வந்தார், மூவரும் எழுந்து நின்றார்கள். நான்காவதாக யாரோ நெருக்குவது போலத் தெரிந்தபோது, அது பெருமாளே என்று உணர்ந்தார்கள் என்பது கதை.

பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுக் கணக்காகப் பார்த்தால் இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த இடைகழியில் ஒரு பீரோ நின்றிருந்தால் மூன்றாவது ஆளுக்கு இடமே இருந்திருக்காது!

இடைகழி என்ற சொல்தான் பேச்சுவழக்கில் தேய்ந்து டேழி, ரேழி என்று ஆனது என்பார்கள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் ஒடுக்கமான வழி அது. சில ஊர்களில் இதற்கு 'நடை' என்றே பெயர். பெயரிலேயே சட்டம் இருக்கிறது பாருங்கள்: இது நடப்பதற்கான இடம், பொருள் வைப்பதற்கானது அல்ல.

அப்படியானால் பொருள்களை எங்கே வைத்தார்கள்?

பழைய தமிழ் வீடுகள் இதற்கு மூன்று வழிகளைக் கண்டுபிடித்திருந்தன.

முதல் வழி, மேலே. தலைக்கு மேல் பரண், உத்தரத்திலிருந்து தொங்கும் உறி. வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கும் அண்டா பரணில் ஏறியது. தினமும் வேண்டிய தயிர்ப் பானை, பூனைக்கு எட்டாமல் உறியில் ஆடியது.

இரண்டாவது வழி, சுவருக்குள்ளே. மண் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி கனம் இருந்தது. அதில் மாடம் குடைந்து விளக்கு வைத்தார்கள், சின்னச் சின்னப் பொருள்களை வைத்தார்கள். தரையில் ஓர் அங்குலம்கூடச் செலவில்லை.

மூன்றாவதுதான் மிகவும் சுவாரஸ்யமானது: அடுக்குவது. அடுக்குப் பானையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே பெரிய பானை, அதன்மேல் அதைவிடச் சின்னது, அதற்கும் மேல் இன்னும் சின்னது. அடியில் ஆடாமல் இருக்க வைக்கோல் பிரிமனை. ஒரு பானை நிற்கும் இடத்தில் ஐந்தாறு பானைகள்! பருப்பு, புளி, உப்பு எல்லாம் அதில். கூடவே வீட்டுப் பெண்கள் சேர்த்த சிறுவாட்டுக் காசும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். அந்தப் பெண்களுக்கு வங்கியும் அதுதான்.

நெல் சேமித்த குதிரும் இதே தத்துவம்தான். சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்பை மண்ணால் பூசிவிடுவார்கள். விளைச்சல் அதிகமானால் உறையும் ஒன்று கூடும். மேலே நெல்லைக் கொட்டி, கீழே உள்ள துளை வழியாக எடுப்பார்கள். ஒரே அளவில் துண்டுகளைச் செய்து வேண்டிய உயரத்துக்கு அடுக்கும் இந்த அறிவு மிகப் பழையது. கீழடியிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்த உறைகிணறுகளே அதற்குச் சாட்சி. இன்று கடையில் 'மாடுலர்' என்று விற்பதும் இதுதான்!

மலை மேலே ஒரு பார்வை

சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்தில் இருக்கிறது வாழவந்தி. இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் பழைய வீடு மூங்கில் தட்டி, மண் பூச்சு, புல் கூரை. உள்ளே இடம் குறைவு. ஆனால் சாமையும் கேழ்வரகும் அடுத்த அறுவடை வரை கெடாமல் இருக்க வேண்டும். மழையும் பனியும் நிறைந்த மலையில் தானியத்தைத் தரையில் வைத்தால் ஈரம் ஏறிவிடும். எனவே தானியம் பரணுக்குப் போனது. அடுப்புப் புகை மேலே போய் அதை உலர்வாக வைத்தது, பூச்சியையும் விரட்டியது. அங்கே பரண் என்பது அழகுக்காக அல்ல, அடுத்த வருஷச் சாப்பாட்டுக்காக.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். தொடர்ந்து எஸ்டேட்டுகளும் பங்களாக்களும் வந்தன. மலையில் ஒரே காலத்தில் இரண்டு விதமான வீடுகள். ஒன்றில் வீடே பெட்டி, இன்னொன்றில் வீட்டுக்குள் வாங்கி வைத்த பெட்டிகள்.

அலமாரியும் பீரோவும்

சொற்களே இந்த மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. பரண், மாடம், உறி, அடுக்கு எல்லாம் தமிழ். அலமாரியும் அதைப் பூட்டும் சாவியும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொற்கள். பீரோ பிரெஞ்சு மொழிச் சொல். சாமானோடு பெயரும் கப்பலேறி வந்தது.

1897-ல் பூட்டு செய்யத் தொடங்கிய கோத்ரெஜ், 1923-ல் இரும்பு அலமாரி செய்ய ஆரம்பித்தது. பிறகு தமிழ்நாட்டில் கல்யாணச் சீர் என்றாலே பீரோவும் கட்டிலும் என்றாகிவிட்டது. அதே காலத்தில் வீடும் மாறியது. மண் சுவர் போய் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், தடுப்புச் சுவரென்றால் நாலரை அங்குலம். மாடம் குடைய வழியில்லை. கான்கிரீட் கூரை வந்ததும் உறி கட்ட உத்தரமும் இல்லை. சுவருக்குள்ளும் தலைக்கு மேலும் இருந்த பொருள்கள் எல்லாம் தரைக்கு இறங்கின. முதலில் அடைபட்டது நடைதான்.

அடுக்கு திரும்பி வந்த கதை

மேல்நாட்டிலும் இடநெருக்கடி வந்தபோது அடுக்கையே தேடினார்கள். 1890களில் அமெரிக்காவின் ஓட்டோ வெர்னிக், கண்ணாடிக் கதவு போட்ட புத்தகப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்படி செய்தார். 1947-ல் லண்டனில் டெமட்ரியஸ் கோமினோ, வரிசையாகத் துளையிட்ட இரும்பு ஆங்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் மளிகைக் கடையிலும் குடோனிலும் நட்டு போல்ட் போட்டு நிற்கும் இரும்பு ரேக்கின் மூலம் அதுதான். 1979-ல் ஐக்கியாவின் 'பில்லி' அலமாரி வந்தது. 2018 ஆகஸ்ட்டில் ஐதராபாத்தில் இந்தியாவின் முதல் ஐக்கியா கடை திறந்தது.

நான்கு அடி அகல நடையில் ஒன்றரை அடி ஆழ பீரோ நின்றால் மிச்சம் இரண்டரை அடி. கதவைத் திறந்தால் அதுவும் போச்சு. அதே இடத்தில் பத்து அங்குல ஆழமுள்ள அடுக்குப் பெட்டிகளைச் சுவரோடு உயர்த்தினால் மூன்று அடிக்கு மேல் மிஞ்சும். ஆனால் ஒரு எச்சரிக்கை. 2016-ல் அமெரிக்காவில் ஐக்கியா சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. சுவரோடு பிணைக்காத அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்ததே காரணம். கனமானது கீழே, லேசானது மேலே என்ற அடுக்குப் பானைப் பாடம் மறக்கக் கூடாதது. கூடவே சுவரோடு ஒரு பிடிப்பும் வேண்டும்.

கடைசியாக ஒரு கணக்கு

2011-ல் தமிழக அரசு அறிவித்த பசுமை வீடு திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 300 சதுர அடி. 2016-ல் தொடங்கிய பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடிக்கும் கொஞ்சம் குறைவு. ஒழுகும் கூரையின் கீழ் இருந்த குடும்பங்களுக்கு இவை பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் வருஷத் தானியத்தைச் சேர்த்து வைக்கும் மலைக் குடும்பத்துக்கும், மாதா மாதம் மளிகை வாங்கும் குடும்பத்துக்கும் ஒரே அளவுக் கணக்கு போதுமா?

முன்பு வீடு கட்டும்போதே பரணும் மாடமும் அதன் விலைக்குள் அடங்கியிருந்தன. இன்று அதையே தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. வாங்க முடிந்தவர் வீட்டில் மாடுலர் அடுக்கு. முடியாதவர் வீட்டில் நடக்கிற வழியெல்லாம் மூட்டை. ஒரு வீட்டுக்கு வரைபடம் போடும்போதே சுவரில் இரண்டு மாடமும் மேலே ஒரு பரணும் சேர்த்துப் போட்டால் இந்தப் பாதி பிரச்சனை இல்லை.

இடைகழி சின்னதாக இருப்பதில் தப்பே இல்லை. மூன்றாவது ஆள் வந்து நிற்க அதில் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.