களவுப் பிரதியும் கலைத் தொழிலும்

எண்பதுகளில் எஸ்பியர்க் முதலான டென்மார்க் நகரங்களில் தஞ்சமடைந்த நாம், தமிழ்ப் படங்களைப் பெரும்பாலும் வீடியோக் கசெற்றுகளிலேயே கண்டோம். கைமாறி வந்த அப்பிரதிகளிற் பல உரிமம் பெற்றவையல்ல. வேறு வழி எமக்கிருக்கவில்லை.

பின்னர் 'திருட்டு வீசீடி' பெருகியது. தமிழக அரசு 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, படக் களவு செய்வோரையும் அதற்குள் அடக்கியது. ஆயினும் களவு இணையத்துக்கு இடம்பெயர்ந்து, 'தமிழ் ராக்கர்ஸ்' என வளர்ந்தது. டென்மார்க்கிலும் 2008இல் 'பைரேட் பே' தளத்தைத் தடுக்குமாறு நீதிமன்றம் இணைய நிறுவனமொன்றுக்கு ஆணையிட்டது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. தளமோ அழியவில்லை.

தண்டனையால் மட்டும் ஆகாததை, நேர்வழி திறப்பதால் ஓரளவு ஆற்றலாம். 2012இல் நெட்பிளிக்ஸ் டென்மார்க்குக்கு வந்தது. 2013இல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தை வீட்டுத் தொலைக்காட்சி வழியாகவும் வெளியிட முனைந்தார். திரையரங்க உரிமையாளர் எதிர்த்தனர். பெருந்தொற்று வந்த 2020இலோ 'பொன்மகள் வந்தாள்' திரையரங்கு காணாமலே அமேசான் பிரைமில் வெளியானது. சென்னையும் எஸ்பியர்க்கும் ஒரே நாளில் படம் பார்க்கும் காலம் பிறந்தது.

ஆதலால் எமது பழைய நியாயம் இன்று செல்லாது. புலத்தில் எம் இளையோரும் பாடலும் குறும்படமும் ஆக்குகின்றனர். பிறர் உழைப்பை இலவசமாகக் கொள்ளும் சமூகம், தன் கலைஞருக்கு எவ்வாறு கூலி கேட்கும்?