ஒரு நொடியில் படிக்கும் வழி

நெடுந்தூரம் பைக்கில் போகிறவருக்கு இரண்டு கைகளும் வேலையில் இருக்கும். வலது கையில் ஆக்ஸிலரேட்டரும் முன் பிரேக்கும்; இடது கையில் கிளட்ச். வழி பார்க்கக் கண்ணுக்குக் கிடைப்பது ஒரு நொடி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடிக்குள் வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். கார் ஓட்டுபவர் பக்கத்தில் இருப்பவரிடம் மேப்பைக் கொடுத்து வழி பார்க்கச் சொல்லலாம். பைக்கில் அதற்கு ஆள் இல்லை. சேலத்திலிருந்து பல வருஷமாக வடக்கும் தெற்குமாக வண்டி ஓட்டி வருகிற எனக்கு, பைக்குக்கான வழிகாட்டிகளின் வரலாறு முழுக்க இந்த ஒரு நொடியைச் சுற்றியே நடந்ததாகத் தெரிகிறது.

எங்கள் பக்கத்திலேயே இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. தர்மபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாவல் தாவளம் என்ற ஊருக்கு இன்னும் 29 காதம் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். எழுத்தோடு நிறுத்தாமல் கல்லில் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து, சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. ஆக இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரரும் பார்த்த மாத்திரத்தில் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். வழிப்போக்கரின் அவசரம் புரிந்த யாரோ செய்த வேலை அது.

இன்றைய மைல்கல்லிலும் அதே அக்கறை நிறமாக நிற்கிறது. தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. ஊர்ப்பெயரைப் படிப்பதற்கு முன்பே எந்தத் தரத்துச் சாலையில் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். மஞ்சள் போய் ஆரஞ்சு வந்தால் எங்கேயோ திரும்பிவிட்டோம் என்று அர்த்தம்.

ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் எங்களிடம் இருந்தவை சென்னை டிடிகே நிறுவனத்தின் சாலை வரைபடங்கள், பிறகு வந்த ஐஷர் அட்லஸ். ராத்திரி லாட்ஜில் விரித்துவைத்துத் திட்டம் போட அவை அருமையானவை. ஓடுகிற வண்டியில் அவற்றால் பயனில்லை. அதனால் அட்லஸைப் பார்த்து, அரைத் தாளில் மார்க்கரால் பெரிய எழுத்தில் அடுத்த நாளின் வழியை எழுதிக்கொள்வோம். என் வழக்கம் கீழிருந்து மேலாக எழுதுவது. புறப்படும் ஊர் அடியில், சேரும் ஊர் தலையில். தொப்பூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று ஏறிக்கொண்டே போகும். ஒவ்வோர் ஊருக்கும் பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் தூரமும். போகிற திசையும் படிக்கிற திசையும் ஒன்றாக இருப்பதால் மனசு குழம்பாது. காந்தத்தில் டேங்கோடு ஒட்டிக்கொள்ளும் டேங்க் பேக்கின் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தத் தாள் போய்விடும். பழைய புல்லட்டில் டிரிப் மீட்டர் கிடையாது. புறப்படும்போது ஓடோமீட்டரில் இருக்கும் எண்ணைத் தாளின் அடியில் குறித்துக்கொண்டு கழித்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் டீக்கடையில் நிறுத்தி, “அண்ணா, அரூர் போற ரோடு இதுதானுங்களா?” என்று லாரி டிரைவரைக் கேட்போம்.

சாலை எண்ணை நம்பாமல் ஊர்ப்பெயரை நம்பியதன் அருமை 2010க்குப் பிறகு தெரிந்தது. அந்த ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை வந்த 7ஆம் எண் சாலையின் தெற்குப் பகுதி, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரையான 44இல் சேர்ந்தது. சேலம், கோவை, கொச்சி என்று போகும் 47, 544 ஆனது. அட்லஸில் ஓர் எண், மைல்கல்லில் வேறோர் எண். எங்கள் ஊர்க்காரர்களோ அன்றும் இன்றும் பெங்களூர் ரோடு, கோயமுத்தூர் ரோடு என்றுதான் சொல்கிறார்கள்.

நாங்கள் அரைத் தாளில் செய்ததை முழுமையான கலையாக்கியவர்கள் பாலைவன ரேலிக்காரர்கள். 1977இல் அபிஜான்–நீஸ் ரேலியில் பிரெஞ்சுக்காரர் தியரி சபீன் லிபியப் பாலைவனத்தில் பைக்கோடு வழிதவறி, பிறகு மீட்கப்பட்டார். அடுத்த ஆண்டு டிசம்பர் 26இல் அவர் தொடங்கியதுதான் பாரிஸ்–டக்கார் ரேலி. அதன் ரோடுபுக் வெகுகாலம் ஒரு நீளமான காகிதச் சுருளாக இருந்தது. ஒவ்வொரு வரியிலும் தூரம், திருப்பத்தின் படம், எச்சரிக்கைக் குறிப்பு என்று மூன்று கட்டம். முந்தைய நாள் மாலையில் போட்டியாளர்கள் கலர் பேனாக்களோடு உட்கார்ந்து, ஆபத்தான பள்ளம், திசை மாறும் இடம் என்று நிறம் பிரித்துத் தீட்டுவார்கள். ஹேண்டில்பாருக்கு மேலுள்ள பெட்டியில் சுருளை மாட்டிவிட்டால், இடது கட்டைவிரல் சுவிட்சைத் தட்டத் தட்ட அது உருளும். 2015இல் டக்காரை ஓட்டி முடித்த முதல் இந்தியரான பெங்களூரு சி.எஸ். சந்தோஷும் இந்தச் சுருளைப் பார்த்துத்தான் பாலைவனத்தைக் கடந்தார்.

ஜிபிஎஸ் ஆரம்பத்தில் பைக்காரர்களுக்குப் பெரிதாக உதவவில்லை. பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை சேர்த்து அனுப்பியது. காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளி இருக்கலாம். பைபாஸில் இருக்கிறோமா சர்வீஸ் ரோட்டிலா என்றே அதில் தெரியாது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் பைக்குக்கென்றே கருவிகள் வந்துவிட்டன. 2005இல் டாம்டாம் ரைடர், 2006இல் கார்மினின் ஜூமோ 550. ஜூமோவின் பொத்தான்கள் திரையின் இடது ஓரத்தில் வரிசையாக இருக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து வலது கையை எடுக்கக் கூடாது என்பது தெரிந்து வைத்த இடம் அது. கையுறையோடு அழுத்தலாம், மழை தாங்கும், பெட்ரோல் சிந்தினாலும் உறை கெடாது. பைக் ஓட்டியவர்கள் கூட இருந்து வடிவமைத்ததுபோல் இருக்கும்.

பிறகு ஸ்மார்ட்போன் வந்து, வழிகாட்டி எல்லோர் சட்டைப்பையிலும் ஏறிக்கொண்டது. ஆனால் அது பைக்கில் மாட்டுவதற்காகப் பிறந்த பொருள் இல்லை. அதிக சக்தியுள்ள பைக் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நுட்பமான பாகங்களைப் பாதிக்கலாம் என்று 2021இல் ஆப்பிளே அறிவித்தது. மேப்பை முன்கூட்டியே இறக்கி வைக்காதவர்களுக்கு மணாலி–லே சாலையில் போன் வெறும் கண்ணாடிதான். அங்கே சிக்னல் இல்லாத நீளங்கள் அதிகம். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலையும் செய்யாது. அதே சாலையில் தாண்டி பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று ஒரு பலகை பல ஆண்டுகள் நின்றது. எத்தனையோ பேரை வழியில் நின்றுவிடாமல் காப்பாற்றியது அந்த ஒற்றை எண்.

2020 நவம்பரில் ராயல் என்பீல்டின் மீட்டியார் 350, டிரிப்பர் என்ற சின்ன வட்டத் திரையோடு வந்தது. போனிலிருந்து புளூடூத்தில் வழியை வாங்கி, திருப்பத்தின் அம்புக்குறியையும் அதற்கு இருக்கும் தூரத்தையும் காட்டும். அதில் மேப் இல்லை என்று குறைசொன்னவர்கள் உண்டு. எனக்கு அது நிறைவாகவே பட்டது. தர்மபுரிக் கல்லை வெட்டியவருக்கும் டக்கார் ரோடுபுக்கை வரைந்தவருக்கும் தெரிந்தது இதைச் செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கருவி வாங்கப் போகும் இளைஞர்கள் என்னிடம் கேட்டால் முதலில் திரையின் அளவைப் பற்றிப் பேச மாட்டேன். கடைக்கு வெளியே மத்தியான வெயிலில் ஹேண்டில்பாரில் மாட்டச் சொல்லுங்கள், எஞ்சினை ஓடவிடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு இடது கையால் இயக்கிப் பாருங்கள் என்பேன். ஒரு பார்வையில் அடுத்த திருப்பமும் தூரமும் தெரிந்தால் வாங்கலாம். சிக்னல் இல்லாத இடத்துக்கு மேப்பை முழுசாக இறக்கி வைக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. இரண்டும் தேறினால் போதும், மற்ற வசதிகளுக்குக் கொடுக்கும் காசைப் பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் ஊர்ப்பெயர் எழுதிய அரைத் தாள் ஒன்று டேங்க் பேக்கில் இருக்கட்டும். அதற்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.